ஆண் மீன் ஏன் முந்துகிறது? – வாசகர் கேள்வி பதில்

கடல் கூண்டுகளில் அறுவடைக் காலத்தைத் தீர்மானிப்பது பற்றிச் சென்ற இதழில் வெளியான குறிப்பில், ஆண் மீன்களில் சில எதிர்பார்க்கும் காலத்துக்கு முன்பே பருவமடைந்து எடை கூடாமல் நின்றுவிடும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பற்றிக்கொண்டு முனைக்காடு, பாம்பன், தொண்டி, முதுகுளத்தூர் எனப் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: ஐயா, நாங்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து மிதவைக் கூண்டில் கடல் விரால் (கோபியா) வளர்க்கிறோம். இப்போது எட்டாவது மாதம் நடக்கிறது. பெரும்பாலான மீன்கள் நன்றாகத் தேறியிருக்க, சில மீன்கள் மட்டும் நீளம் இருந்தும் முதுகு வற்றிக் காணப்படுகின்றன. ஒன்றை அறுத்துப் பார்த்தபோது வயிற்றுக்குள் இரண்டு வெள்ளைப் பட்டைகள் இருந்தன. இது நோயா? சாளையும் சூடையும் அளவில்லாமல் போட்டது தவறாகிவிட்டதா?
– கூண்டு மீன் வளர்ப்பவர், முனைக்காடு

பதில்: நீங்கள் கண்ட வெள்ளைப் பட்டைகள் விந்தகங்கள், அவை நோயின் அடையாளம் அல்ல. ஆனால் விந்தகம் இருப்பது வேறு, அது முதிர்ந்திருப்பது வேறு என்பதால், அறுத்துப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண் மீன் ஒவ்வொன்றிலும் முதுகெலும்புக்குக் கீழே, காற்றுப்பையை ஒட்டி, இரு புறமும் இரண்டு விந்தகங்கள் உண்டு. பருவம் வராத மீனில் அவை மெல்லிய நாடா போல, ஏறக்குறைய நிறமற்று, ஒளி ஊடுருவும்படி இருக்கும். பருவம் நெருங்க நெருங்க அவை தடித்து, பாலாடை நிறத்துக்கு மாறும். முற்றிலும் முதிர்ந்த விந்தகத்தைக் கத்தியால் குறுக்கே வெட்டினால் வெட்டுவாயில் கெட்டியான வெள்ளை நீர் கசியும். வெட்டியும் எதுவும் கசியவில்லையென்றால் அந்த மீன் பருவத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறதே தவிர, இன்னும் அடையவில்லை.

மீனைக் கொல்லாமலும் இதைப் பார்க்கலாம். ஈரத் துணியால் மீனின் கண்களை மூடி, வயிறு மேலே தெரியும்படி இருவர் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் வயிற்றின் நடுவிலிருந்து மலவாயை நோக்கிக் கட்டைவிரலால் மெதுவாக வழித்தால், பருவமடைந்த ஆணிடமிருந்து வெள்ளைத் துளி வெளிப்படும். தெளிந்த நீர் வந்தால் அது சிறுநீர். அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. வெள்ளைத் துளியை ஒரு குவளைக் கடல் நீரில் விட்டால் புகை போலப் பரவிக் கலங்கும். மீனின் உடலுக்குள் அசைவற்று இருக்கும் விந்தணுக்கள் கடல் நீர் பட்டவுடன்தான் நீந்தத் தொடங்குகின்றன. அந்த ஓட்டமும் சிறிது நேரத்திலேயே அடங்கிவிடும்.

கடல் விராலைப் பொறுத்தவரை, ஆண் பொதுவாக ஒன்று அல்லது இரண்டு வயதிலும், பெண் அதற்கு ஓராண்டு பின்னதாக இரண்டு அல்லது மூன்று வயதிலும் பருவமடைகின்றன. வேகமாக வளரும் கூண்டு மீன்களில் முந்துகிற சில ஆண்கள் முதல் ஆண்டு முடிவதற்குள்ளேயே அதற்கான வேலையைத் தொடங்கிவிடுவதில் வியப்பில்லை. மேலும் இந்த இனத்தில் பெண்ணே ஆணைவிடப் பெரிதாக வளரும். எனவே எட்டாவது மாதத்தில் உங்கள் கூண்டில் தெரிகிற ஏற்றத்தாழ்வில் ஒரு பகுதி, ஆண் பெண் வேறுபாட்டினாலேயே வருவது.

தீவனம் பற்றிய உங்கள் ஐயத்துக்கு வருவோம். சாளையும் சூடையும் கொழுப்பு மிக்கவை. கொழுப்பு சேரும் உடல் பருவத்துக்கு விரைவில் ஆயத்தமாகும் என்பதும் உண்மையே. ஆனால் அதற்காகத் தீவனத்தைக் குறைத்து மீனைப் பட்டினி போட்டால், முந்திய ஆண்கள் பின்வாங்கப்போவதில்லை. தேறி வருகிற பெண் மீன்கள்தாம் மெலியும். நான் பரிந்துரைப்பது வேறு. ஆறேழு மாதங்களில் கடல் விரால் இரண்டரை முதல் மூன்று கிலோ எடைக்கு வந்துவிடும். அந்தக் கட்டத்தில் ஒரு முறை எல்லா மீனையும் அள்ளி, நீளத்துக்கு ஏற்ற எடை இல்லாதவற்றைப் பிரித்து, அவற்றை முதல் விற்பனைக்கு அனுப்பிவிட வேண்டும். ஐந்து, ஆறு கிலோ மீனுக்கு விலை கூடும் என்று எல்லாவற்றையும் சேர்த்தே நிறுத்திவைத்தால், முந்திய ஆண்கள் தின்கிற தீவனம் சதையாகத் திரும்பி வராது. வியாபாரி சொல்லும் விலையைக் கேட்டுக் காத்திருப்பவர்கள், அந்தக் காத்திருப்புக்கு எந்த மீன் தகுதியானது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. மெலிந்த மீன் எல்லாவற்றையும் பருவத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வலையில் பாசியும், ஓட்டோடு ஒட்டி வளரும் கொட்டலசும் அடைத்துக்கொண்டால் நீரோட்டம் குறைந்து மீன் இரை எடுக்காது. தோலிலும் செவுளிலும் ஒட்டுண்ணிகள் பற்றினாலும் இதே போல முதுகு வற்றும். மெலிந்த மீன் வலையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டால், கண் மங்கியிருந்தால், அறுத்தபோது விந்தகம் நூல் போல மெலிந்திருந்தால், காரணம் வேறு என்று கொள்ளுங்கள். ஒட்டுண்ணிக்குச் சில நிமிட நன்னீர்க் குளியலே முதல் மருந்து.

கேள்வி: பெண்ணைவிட ஆண் முதலில் பருவமடைவது ஏன்? கடலில் இருக்கும் மீனைவிட வளர்ப்பு மீன் முந்துவது ஏன்? உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் விளக்க வேண்டுகிறேன்.
– விலங்கியல் மாணவி, இராமநாதபுரம்

பதில்: இரண்டு கேள்விகளுக்கும் விடை, செலவுக் கணக்கில் இருக்கிறது. முட்டைக்கு மஞ்சள் கரு வேண்டும். அதற்கான புரதத்தைக் கல்லீரல் உற்பத்தி செய்து, இரத்தத்தின் வழியே சூலகத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவு பெரிய செலவைத் தாங்கும் உடல் அமையும் வரை பெண் காத்திருப்பது இயல்பு. விந்தணுவில் மஞ்சள் கரு இல்லை. சின்ன உடலாலும் அதைக் கோடிக்கணக்கில் உண்டாக்க முடியும். ஆகவே ஆணுக்குக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் குறைவு. சில இனங்களில் முந்துவதே ஆணுக்கு ஆதாயம். அட்லாண்டிக் சால்மன் மீனில், கடலுக்கே போகாமல் ஆற்றிலேயே விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக வளர்ந்த ஆண்கள் பருவமடைந்து, கடலிலிருந்து திரும்பிய பெரிய ஜோடி முட்டையிடும் நேரத்தில் இடையில் புகுந்து, சில முட்டைகளையாவது கருவுறச் செய்துவிட்டு ஓடிவிடும். பல கிலோ எடையுள்ள ஆணுக்குப் பக்கத்திலேயே இந்தத் திருட்டு நடக்கும்.

வளர்ப்பில் முந்துவதற்குக் காரணம், அங்கே எல்லாம் தாராளமாகக் கிடைப்பதுதான். இரை தேடி அலைய வேண்டியதில்லை; சுறாவுக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை; நாள்தோறும் வேளை தவறாமல் தீவனம் விழுகிறது. மீனின் உடல், ஆண்டின் குறிப்பிட்ட காலத்தில் தன் எடையையும் சேர்ந்துள்ள கொழுப்பையும் ஒரு வகையில் நிறுத்துப் பார்க்கிறது. வரம்பைத் தாண்டியிருந்தால் அந்த ஆண்டே பருவத்தின் கதவு திறக்கிறது, இல்லையென்றால் அடுத்த பருவம் வரை அது மூடியே இருக்கிறது. கடலில் இரண்டு மூன்று ஆண்டுகளில் எட்டும் வரம்பை வளர்ப்பு மீன் ஓராண்டிலேயே தாண்டிவிடுகிறது. வெதுவெதுப்பான நீர் இதை மேலும் விரைவுபடுத்தும்.

உடலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்வதானால், மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனை வெளிவிட, பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் அனுப்பி விந்தகத்தை எழுப்புகிறது. எழுந்த விந்தகம் சுரக்கும் 11-கீட்டோடெஸ்டோஸ்டீரோன் என்பதே மீன்களில் முதன்மையான ஆண் ஹார்மோன். இந்தச் சங்கிலியின் தலைமாட்டில் கிஸ்பெப்டின் என்னும் சிறு புரதம் பருவத்தின் தொடக்கத்துக்குத் துணைநிற்பதாகப் பாலூட்டிகளில் 2003-இல் கண்டறிந்த பின், மீன்களிலும் அதைத் தேடிப் பல ஆய்வுகள் நடந்தன. மரபணுவின் பங்கும் சிறிதல்ல. அட்லாண்டிக் சால்மன் எந்த வயதில் பருவமடைகிறது என்பதில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 40 சதவீதத்தை விஜிஎல்எல்-3 என்ற ஒரே மரபணுப் பகுதி விளக்கிவிடுகிறது என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே கூண்டில் ஒரே தீவனத்தைத் தின்று வளரும் மீன்களில் சில மட்டும் முந்துவதன் மர்மம் பெருமளவுக்கு இதில் அடங்கியிருக்கிறது.

சால்மன் வளர்ப்பவர்கள் இதற்கு அஞ்சுவது வீணல்ல. பருவமடைந்த ஆணின் தோல் கருக்கும். தாடை கொக்கி போல வளையும். சதையின் சிவப்பு வெளுக்கும். உப்புநீரைச் சமாளிக்கும் திறன் குறையும். நோய் எளிதில் தொற்றும். மத்தியதரைக் கடல் நாடுகளில் வளர்க்கும் ஐரோப்பிய சீபாஸ் மீனில், முதல் ஆண்டின் முடிவிலேயே ஆண்களில் ஒரு கணிசமான பங்கு பருவமடைந்து, விற்பனைக்கு வரும்போது மற்றவற்றைவிடச் சிறுத்திருக்கும். அந்த மீனில், குஞ்சாக இருக்கும் வாரங்களில் நீர் அதிகம் சூடாக இருந்தால் கூட்டத்தில் ஆண்களின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது என்பது இன்னொரு தொல்லை. பருவத்தை முந்தச் செய்வதும் சூடு, முந்தக்கூடியவர்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதும் சூடு.

கேள்வி: வயிற்றில் வெள்ளைப் பட்டை இருக்கிற வளர்ப்பு மீனை வாங்கி விற்கலாமா? சாப்பிட்டால் கெடுதல் உண்டா?
– மீன் விற்பவர், பாம்பன்

பதில்: தாராளமாக விற்கலாம், அம்மா, கெடுதல் எதுவும் இல்லை. கடலில் பிடிக்கும் மீன்களிலும் ஆண் மீனின் வயிற்றில் அதே பட்டைகள் இருக்கத்தான் செய்கின்றன. கடல் விராலின் சதை முதலிலேயே வெள்ளை என்பதால், சால்மனைப் போல நிறம் போய்விட்டது என்ற புகாரும் எழாது. கொழுப்புச் சற்றுக் குறைந்திருப்பதால் பொரித்தால் கொஞ்சம் வறண்டதாகத் தோன்றலாம். குழம்புக்கு அந்தக் குறை தெரியாது. எடைக்குத்தான் விலை என்பதால், முதுகு வற்றிய மீனை வாங்கும்போது தலையும் எலும்பும் போகச் சதை எவ்வளவு தேறும் என்பதை மட்டும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நார்வே நாட்டில் கூண்டுகளுக்குள் இரவில் விளக்கு எரியவிட்டு மீன் பருவமடைவதைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று படித்தேன். சூரிய மின்சாரத்தில் நாமும் அப்படிச் செய்யலாமே? மலட்டு மீன் குஞ்சுகள் கிடைக்குமா?
– பொறியியல் படித்த வாசகர், தங்கச்சிமடம்

பதில்: நீங்கள் படித்தது சரி. குளிர்காலத்தில் தொடங்கிக் கோடையின் தொடக்கம் வரை கூண்டுக்குள் இரவும் பகலும் விளக்கு எரியவிட்டால் சால்மன்களில் பருவமடைபவை வெகுவாகக் குறைகின்றன. ஐரோப்பிய சீபாஸிலும் தொடர் வெளிச்சம் பலன் தந்திருக்கிறது. ஆனால் அந்த உத்தி ஏன் பலிக்கிறது என்று பார்த்தால், அது ஏன் நமக்கு அப்படியே பொருந்தாது என்பதும் விளங்கும். நார்வேயில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. வடகோடியில் குளிர்காலத்தில் சூரியன் உதிப்பதே இல்லை. அங்கே வாழும் மீன், பகல் நீள்வதையும் குறைவதையும் நாட்காட்டியாக வைத்தே தன் பருவத்தைத் தீர்மானிக்கிறது. விளக்கு அந்த நாட்காட்டியைக் குழப்புகிறது. மண்டபம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரமே வித்தியாசம். நம் கடலில், பகலின் நீளத்தோடு பருவமழையும் நீரின் சூடும் உப்பும் இரையின் வரத்தும் சேர்ந்தே மீனுக்குக் காலம் காட்டுகின்றன. வாடைக் காற்றையும் கச்சான் காற்றையும் விளக்குப் போட்டு நிறுத்த முடியாது. அதோடு, இரவு முழுவதும் விளக்கு எரிந்தால் கணவாயும் பொடி மீனும் கூண்டைச் சுற்றிக் கூடும். அவற்றைத் தேடி வேறு படகுகளும் வந்து கூடும். அந்த வழக்கை யார் தீர்ப்பது?

மலட்டு மீன் பற்றியும் ஒரு வார்த்தை. கருவுற்ற முட்டைகளுக்குச் சில நிமிடங்கள் கடும் அழுத்தமோ சூடோ கொடுத்து, குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும்படி செய்தால் அந்தக் குஞ்சுகள் மலடாகின்றன. இவற்றில் பெண்ணின் சூலகம் வளர்வதில்லை என்பதால் பெண்ணுக்கு இது நல்ல தீர்வு. ஆணோ, பயனுள்ள விந்தணு இல்லாமலேயே விந்தகத்தை வளர்த்து, ஹார்மோனையும் சுரந்து, பருவத்துக்குரிய எல்லாத் தொல்லைகளையும் தரக்கூடியது. ஆகையால் டிரவுட் மீன் வளர்ப்பில் முதலில் கூட்டம் முழுவதையும் பெண்ணாக்கி, பிறகு மலடாக்குகிறார்கள். முந்துகிற ஆணைத் தடுக்க மலட்டுத்தன்மை மட்டும் போதாது என்பதை, இந்தத் தொழில்நுட்பத்தைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: பழைய இறால் குளத்தில் கொடுவா விட்டிருக்கிறேன். கொடுவா எல்லாமே முதலில் ஆண்தான் என்கிறார்கள். அப்படியானால் என் குளத்து மீன் முழுவதுமே முந்திப் பருவமடைந்து நின்றுவிடுமோ?
– குளத்து மீன் வளர்ப்பவர், தொண்டி

பதில்: அந்தக் கவலை வேண்டாம். கொடுவா பெரும்பாலும் ஆணாகவே பருவமடைந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் இனம் என்பது உண்மை. ஆனால் ஆஸ்திரேலியக் கடலோரத்தில் ஆராய்ந்தவர்கள், ஆணாகப் பருவமடைய மூன்று முதல் நான்கு வயதும், பெண்ணாக மாற ஆறு முதல் எட்டு வயதும் ஆகிறது என்று கண்டார்கள். வளர்ப்பில் இந்தக் காலம் சுருங்கும் என்றாலும், நீங்கள் ஒரு கிலோவை ஒட்டி, ஏறக்குறைய ஓராண்டுக்குள் பிடித்துவிடுவீர்கள். பருவம் எட்டிப் பார்ப்பதற்குள் மீன் பனிக்கட்டிப் பெட்டிக்குள் போய்விடும். அதே ஆஸ்திரேலியாவில் கார்பென்டாரியா வளைகுடாவின் வடகிழக்கில், மற்ற இடங்களைவிடச் சிறிய உடலிலேயே பருவமடைந்து, சிறிய உடலிலேயே பெண்ணாகவும் மாறுகிற கொடுவாக் கூட்டம் ஒன்று உண்டு. முந்துதல் வளர்ப்பால் மட்டும் வருவதன்று, இயற்கையிலும் இடத்துக்கு இடம் மாறும் என்பதற்கு அது சான்று.

உங்கள் குளத்தில் மீன்கள் சிறிதும் பெரிதுமாகப் பிரிந்துவிட்டால், அதற்குக் காரணம் பருவம் அல்ல, ஒன்றையொன்று தின்னும் குணம். குஞ்சுப் பருவத்தில் அடிக்கடி அளவு பார்த்துப் பிரிக்கவில்லையென்றால் பெரியது சிறியதை விழுங்கும். களவா வளர்ப்பவர்களுக்கு நிலைமை நேர் எதிரானது: அந்த மீன் பெண்ணாகப் பருவமடைந்து பிறகே ஆணாக மாறுவதால், குஞ்சு பொரிப்பகத்தில் அவர்கள் ஆண் கிடைக்காமல் அல்லாடுகிறார்கள், சிறு பெண் மீன்களுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்து முன்கூட்டியே ஆணாக்குவதும் உண்டு. நமக்குத் தொல்லையாக இருப்பது அவர்களுக்குத் தேவையாக இருக்கிறது.

கேள்வி: எங்கள் கண்மாயில் ஜிலேபி மீன் உள்ளங்கை அளவைத் தாண்டுவதே இல்லை, அந்த அளவிலேயே வாயில் குஞ்சோடு இருக்கிறது. இதுவும் நீங்கள் எழுதிய அதே கோளாறா?
– விவசாயி, முதுகுளத்தூர்

பதில்: உறவுக்காரக் கோளாறு என்று சொல்லலாம். கடல் விராலில் ஆண் மட்டும் முந்துகிறது. ஜிலேபியில் ஆண், பெண் இரண்டுமே முந்துகின்றன. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் ஜிலேபி, நெருக்கமான நீர்நிலையில் இரண்டு மூன்று மாத வயதிலேயே குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிடும். ஆண் கண்மாய்த் தரையில் வட்டமாகக் குழி பறித்துக் காவல் காக்கும். பெண் முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும், அந்த நாட்களில் அது இரை எடுப்பதும் அரிது. மழை பொய்த்து நீர் வற்ற வற்ற, கூட்டம் பெருகி, இரை குறைந்து, மீன் இன்னும் சிறிய உடலிலேயே பருவமடையும். வயது கடந்த நாற்றை நட்டால் தூர் கட்டாமல் குட்டையிலேயே கதிர் தள்ளுவதை நீங்கள் வயலில் கண்டிருப்பீர்கள். கண்மாயில் நடப்பதும் அதுதான். ஆக, வளத்தால் முந்துவது ஒரு வகை, வறுமையால் முந்துவது ஒரு வகை.

ஜிலேபியில் ஆணே வேகமாக வளரும் என்பதால், அனுமதி பெற்ற பண்ணைகளில் எல்லாக் குஞ்சுகளையும் ஆணாக்கி வளர்க்கிறார்கள். முதல் மூன்று நான்கு வாரங்கள் தீவனத்தில் ஆண் ஹார்மோன் கலந்து கொடுப்பது அதற்கான வழி. அந்த மருந்தை வாங்கி நீங்களே கண்மாயில் கலக்க முற்பட வேண்டாம். கண்மாயில் அது பயன் தராது, ஊர்ப் பொதுநீரில் ஹார்மோனைக் கொட்டுவது முறையும் அல்ல. நீர் பெருகும் காலத்தில் விரால் குஞ்சு விட்டால், அது ஜிலேபிக் குஞ்சுகளைத் தின்று கூட்டத்தைக் குறைக்கும். எஞ்சியவை சற்றுப் பெருக்கும். கண்மாய் ஏலம் எடுத்தவரோடு பேசி, கோடையில் நீர் குறைந்ததும் சிறு மீனையும் விடாமல் அரித்து எடுத்துவிடச் செய்யுங்கள்.

கேள்வி: மகளிர் குழுவாகத் தொட்டியில் கோமாளி மீன் வளர்க்கிறோம். ஒரே வயது மீன்களில் இரண்டு மட்டும் பெரிதாகி ஜோடி சேர, மற்றவை சிறிதாகவே நிற்கின்றன. இவையும் முந்திப் பருவமடைந்துவிட்டனவா?
– குழு உறுப்பினர், மண்டபம்

பதில்: இல்லை, சகோதரி, இங்கே நடப்பது அதற்கு நேர்மாறானது. கோமாளி மீன் கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாகவும், அதற்கு அடுத்தது ஆணாகவும் இருக்க, மீதியுள்ளவை பருவமடையாமலேயே அடக்கிவைக்கப்படுகின்றன. பெரியவை துரத்துவதும் கடிப்பதுமே அந்த அடக்குமுறை. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும்; சிறியவற்றில் முதலாவது ஆணாகும். ஜோடி சேர்ந்தவற்றைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். மீதியிலிருந்து சில வாரங்களில் அடுத்த ஜோடி தானே எழும்பி வரும்.

கேள்வி: என் கூண்டில் எல்லாவற்றுக்கும் முன்பாக விந்து வெளிப்பட்ட இரண்டு மூன்று ஆண் கடல் விரால்களைத் தனியாக நிறுத்திவைத்திருக்கிறேன். குஞ்சு பொரிப்பகத்துக்கு இனப்பெருக்க மீனாகக் கொடுத்தால் அவர்களுக்குக் காத்திருக்கும் காலம் மிச்சமாகும் அல்லவா?
– கூண்டு மீன் வளர்ப்பவர், ஓலைக்குடா

பதில்: உங்கள் நல்லெண்ணம் புரிகிறது, ஆனால் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். முந்தும் குணத்தில் மரபுக்குப் பங்கு உண்டு என்று மேலே எழுதியிருக்கிறேன். முதலில் பழுத்த ஆணின் விந்தைக் கொண்டு குஞ்சு எடுத்தால், அடுத்த தலைமுறையில் முந்துகிறவை கூடும். அவற்றிலும் முந்தியதையே எடுத்தால் அதற்கடுத்த தலைமுறையில் இன்னும் கூடும். வேகமாக வளரும் மீனைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே, விரைவில் வளர்ச்சியை நிறுத்தும் மீனை உருவாக்கிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. அந்தக் குஞ்சுகளை வாங்கி வளர்க்கப்போவதும் உங்களைப் போன்றவர்களே.

1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்தில், 2010 மார்ச் மாதம் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கடல் விராலை வளர்ப்பில் முட்டையிடச் செய்தபோது, ஒரு பெண்ணையும் இரண்டு ஆண்களையும் பெரிய தொட்டி ஒன்றில் சேர்த்து, ஹார்மோன் ஊசி போட்டே அதைச் சாதித்தார்கள். அடுத்த ஆண்டே பொம்பானோ பாறையிலும் வெற்றி கிடைத்தது. அப்போது, பருவமடைந்த மீன் ஒன்று கையில் கிடைப்பதே பெரிது. இப்போது கூண்டுகளில் இவ்வளவு மீன்கள் இருக்கும்போது, கிடைத்ததைக் கொண்டு குஞ்சு எடுக்க வேண்டிய நிலை இல்லை, தேர்ந்தெடுக்க முடியும்.

எனவே இரண்டு வயதை எட்டும்போதும் எடை கூடிக்கொண்டே வருகிற, விந்து சற்றுத் தாமதமாக வெளிப்பட்ட ஆண்களைக் குறித்துவையுங்கள். ஒரே கூட்டத்துக் குஞ்சுகள் உடன்பிறந்தவையாக இருக்கும் என்பதால், வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கிய கூட்டங்களிலிருந்தும், கடலில் பிடித்த மீன்களிலிருந்தும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு மீனுக்கும் முதுகில் அடையாளச் சீட்டுக் குத்தி, வாங்கிய மாதம், ஆறாம் மாத எடை, முதன்முதலில் விந்து தெரிந்த மாதம் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, மீனோடு அந்த நோட்டின் நகலையும் பொரிப்பகத்தாரிடம் கொடுங்கள். நீங்கள் தனியாக நிறுத்தியிருக்கும் ஆண்களை, எடை இன்னும் குறைவதற்கு முன், இந்த வாரமே விற்றுவிடலாம்.